தன்னேற்பு (கிறித்தவம்)

கிறித்தவத்தில் தன்னேற்பு என்பது ஒருவர் தம் உடலையும் தோற்றத்தையும் ஆற்றலையும் குறைகளையும் கடவுளின் படைப்பாகக் கருதி, வெறுப்பின்றி ஏற்றுக்கொள்வதைக் குறிக்கும். நோய்க்கு மருத்துவம் பெறாமல் இருந்துவிடுவது தன்னேற்பு ஆகாது. கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் (1914 - 2003) இக்கருத்தைத் தம் பணியாலும் நூல்களாலும் விளக்கியவர்களுள் ஒருவர்.

விவிலிய அடிப்படை

மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டனர் எனத் தொடக்க நூல் கூறுகிறது. தாயின் கருவிலேயே தன்னை உருவாக்கிய கடவுளுக்கு ஒருவர் நன்றி கூறுவதாக 139 ஆம் திருப்பாடல் (சங்கீதம்) அமைந்துள்ளது. யோவான் நற்செய்தியின் 9 ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரின் நிலைக்கு யார் செய்த பாவம் காரணம் எனச் சீடர்கள் வினவுகின்றனர். அவரோ அவருடைய பெற்றோரோ செய்த பாவம் காரணமன்று என இயேசு விடையளிக்கிறார். பின்னர் அவருக்குப் பார்வையும் அளிக்கிறார். குறையைச் சாபமாகக் கருதாமையும் குணமாக்க முயல்வதும் இங்கு ஒருசேரக் காணப்படுகின்றன.

கொல்லிமலையில் பிராண்ட் குடும்பம்

நாமக்கல் சமவெளியை அடுத்து எழும் கொல்லிமலை, 1997 இல் நாமக்கல் மாவட்டம் உருவாகும் வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இங்கு ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் ஆங்கிலேய மறைப்பணியாளர் இணையர் மருத்துவ உதவியும் கல்விப் பணியும் செய்தனர். ஜெஸ்ஸி 1929 இல் காய்ச்சலால் இறந்தார். எவலின் முதுமையிலும் மலைவாழ் மக்களிடையே பணியாற்றி, 1974 இல் தமது 95 ஆம் அகவையில் காலமானார். வாழ்வின் இறுதி இருபது ஆண்டுகளில் அவர் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என அவர் மகன் பால் பிராண்ட் எழுதியுள்ளார்.

தொழுநோயும் உடல் தோற்றமும்

பால் பிராண்ட் 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோய் சதையை அரித்து விரல்களை உதிரச் செய்கிறது என்றும், அது கடவுளின் தண்டனை என்றும் அக்காலத்தில் பலர் நம்பினர். நோய்க்கிருமி நரம்புகளைத் தாக்குவதால் வலியுணர்வு மறைகிறது. அதனால் உணரப்படாத தீக்காயங்களும் புண்களுமே விரல்கள் சிதைவதற்குப் பெருமளவு காரணம் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். செயலற்ற தசைகளுக்கு மாற்றாக, நலமாக உள்ள தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவை மருத்துவத்தால், மடங்கிப்போன விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார்.

இப்பட்டறிவிலிருந்து, அனைவரும் வெறுக்கும் வலியே உடலைக் காக்கும் கொடை என்னும் முடிவுக்கு அவர் வந்தார். பிலிப் யான்சியுடன் இணைந்து 1980 இல் அவர் வெளியிட்ட நூலின் ஆங்கிலத் தலைப்பு, 139 ஆம் திருப்பாடலின் 14 ஆம் வசனத்திலிருந்து எடுக்கப்பட்டது. உடலுறுப்புகளின் அமைப்பையும் செயலையும் கொண்டு கிறித்தவ நம்பிக்கையை அந்நூல் விளக்குகிறது.

மேரி வர்கீஸ்

வேலூரில் பிராண்டுடன் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ், 1954 இல் நிகழ்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழ் இயக்கத்தை இழந்தார். பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் வெளிநாட்டில் சிறப்புப் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் உடலியல் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கினார். 1972 இல் பத்மசிறீ விருது பெற்றார்.

தன்னேற்பும் மருத்துவமும்

துன்புறுவோரைப் பொறுத்துக்கொள்ளுமாறு மட்டும் கூறுவதற்கு இக்கருத்து பயன்படுத்தப்பட்டால், அது உதவியை மறுப்பதற்கான காரணமாகிவிடக்கூடும். வேலூரில் தொழுநோயாளிகளுக்கு அறுவை மருத்துவமும் தொழிற்பயிற்சியும் அளிக்கப்பட்டன. சரிசெய்ய இயன்றது சரிசெய்யப்பட்டது. எஞ்சிய தழும்பும் ஊனமும் ஒருவரின் மதிப்பைக் குறைப்பதில்லை என்பதே அங்கு தன்னேற்பின் பொருளாக இருந்தது.