ராத்திரி ஒன்பதரை மணி ஆர்டரும் ஃப்ரிட்ஜ்ல இருக்கற பரோட்டா பாக்கெட்டும்: எங்க வீட்டுக் கணக்கு

ஜனவரி மாசம் பொண்ணோட மூணாவது டெர்ம் ஃபீஸ் 18,500 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. அக்கவுன்ட்ல அவ்வளவு பணம் இல்ல. ஒரு சின்ன எஃப்டியை முன்கூட்டியே உடைச்சுக் கட்டினேன், வட்டியிலயும் கொஞ்சம் போச்சு. எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி வீடியோ போடற ஆடிட்டர் வீட்டு லட்சணம் இதுதான்!

கிளையன்ட் கிட்ட கேக்கற கேள்வியை எனக்கே கேட்டுக்கிட்டேன்: பணம் எங்க போச்சு? பேங்க் ஸ்டேட்மென்ட்ல ஒரே மாதிரி யுபிஐ வரிகள் நிறைய தெரிஞ்சுது. சாப்பாடு ஆர்டர் பண்ற ஆப்பைத் திறந்து, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் எக்செல்ல ஏத்தினேன். 54 ஆர்டர். 26,840 ரூபாய். சராசரியா ஒரு ஆர்டருக்கு 497 ரூபாய்.

தொகையை விட தேதிதான் எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. ஒவ்வொரு மாசமும் 9, 10, 11. அப்புறம் 18, 19, 20. டிசம்பர்ல கடைசி வாரம் முழுக்க. ஜிஎஸ்டிஆர்-1க்கு கடைசி நாள் 11, 3பிக்கு 20, வருஷாந்திர ரிட்டர்னுக்கு டிசம்பர் 31. அதாவது நாங்க ருசிக்காக ஆர்டர் பண்ணல. ஆபீஸ்ல இருந்து ஒன்பது மணிக்கு வந்து, அடுப்பைப் பார்த்தாலே அழுகை வர்ற நாள்ல பண்ணியிருக்கோம்.

சரி, அப்படி ஒரு நாளோட பில் இது. நாலு பரோட்டா, ஒரு பனீர் பட்டர் மசாலா: ஆப்ல விலை 420. பேக்கிங் 25. இந்த 445க்கு 5% ஜிஎஸ்டி 22.25. டெலிவரி 35, பிளாட்ஃபார்ம் ஃபீ 12, இந்த ரெண்டுக்கும் 18% ஜிஎஸ்டி 8.46. மொத்தம் சுமார் 523. அதே கடைக்கு நேர்ல போனா மெனு கார்டுல 360, வரியோட 378. வீட்டு வாசலுக்கு வந்ததுக்கு மட்டும் 145 ரூபாய். பிளாட்ஃபார்ம் ஃபீ 2023ல வெறும் 2 ரூபாயா ஆரம்பிச்சது ஞாபகம் இருக்கா? டெலிவரி கட்டணத்துக்கு ஆப் கம்பெனியே 18% வசூலிச்சுக் கட்டணும்னு தெளிவா வந்தது 2025 செப்டம்பர் 22ல இருந்து.

அதே தேதியில இன்னொண்ணும் நடந்துச்சு. பாக்கெட் பரோட்டாவுக்கு ஜிஎஸ்டி பூஜ்யம் ஆச்சு. இதுக்குப் பின்னாடி பெரிய கதையே இருக்கு. 2020ல கர்நாடகா அட்வான்ஸ் ரூலிங் அதாரிட்டி, பரோட்டாவைச் சூடு பண்ணித்தான் சாப்பிட முடியும், அதனால ரொட்டிக்கான 5% கிடையாது, 18% கட்டணும்னு சொல்லிட்டாங்க. சோஷியல் மீடியாவே கொந்தளிச்சது. 2024ல கேரளா ஹைகோர்ட் 5% போதும்னு தீர்ப்பு சொன்னது. கடைசியில கவுன்சிலே வரியை எடுத்துடுச்சு. பாக்கெட் பனீருக்கும் இப்போ வரி கிடையாது.

சரி, விடை கிடைச்சாச்சு, ரெடி டு குக் வாங்கிப் போட்டுடலாம்னு நினைச்சேன். பாதி வெந்த பரோட்டா அஞ்சு இருக்கற பாக்கெட் 100, பனீர் 95, கிரேவி பேஸ்ட் 75, எண்ணெய் வெங்காயம் கேஸ்னு 20. மொத்தம் 290. இருபத்தஞ்சு நிமிஷ வேலை. ஒரு ராத்திரிக்கு 233 ரூபாய் மிச்சம். பேப்பர்ல அழகா இருந்துச்சு.

ஜனவரி கடைசியில எட்டு பாக்கெட் வாங்கினேன், ஆஃபர் வேற. மூணு பாக்கெட் தேதி முடிஞ்சு குப்பைக்குப் போச்சு. இது ஃப்ரிட்ஜ்ல வெச்சாலும் சில நாள்தான் தாங்கும். எங்க பாஷையில ஸ்டாக் ரைட்-ஆஃப். மிச்சம் அஞ்சுல மூணை ஞாயித்துக்கிழமையில பண்ணோம். அன்னிக்கு அத்தை எப்பவும் போல சப்பாத்தியும் குருமாவும் பண்ணியிருப்பாங்க, 110 ரூபாய்க்கு மேல ஆகாது. "இருக்கறதை விட்டுட்டு எதுக்கும்மா இது?"ன்னு அத்தை கேட்டாங்க. நியாயமான கேள்வி! அந்த நாள்கள்ல பாக்கெட் எனக்கு 233 மிச்சம் பண்ணல, 180 கூடுதலா செலவு வெச்சுது. ஆர்டர் எண்ணிக்கையும் பெருசா குறையல, ஏன்னா 20ஆம் தேதி வந்தப்போ ஃப்ரிட்ஜ் காலி.

அதனால பாக்கெட் விலையை மட்டும் பார்த்து லாபமா நஷ்டமான்னு சொல்ல முடியாது. அது எந்தச் சாப்பாட்டோட இடத்துக்கு வருதுன்னு பாருங்க. ஆர்டரோட இடத்துக்கு வந்தா லாபம். வீட்டுச் சமையலோட இடத்துக்கு வந்தா அது இன்னொரு ஆடம்பரம்.

அமெரிக்காவுல இதே யோசனையை அளந்து வெச்ச காய், மசாலா, செய்முறை அட்டையோட பெட்டியில போட்டு வித்தாங்க. ப்ளூ ஏப்ரன்னு ஒரு கம்பெனி, 2017ல ஐபிஓ வந்தப்போ கிட்டத்தட்ட 190 கோடி டாலர் மதிப்பு. 2023ல சுமார் 10 கோடி டாலருக்கு வித்துட்டாங்க. தள்ளுபடிக்கு வந்தவங்க தள்ளுபடி முடிஞ்சதும் போயிட்டாங்க. நம்ம ஊர்ல அந்தப் பெட்டியோட வேலையை இட்லி மாவு பாக்கெட் எப்பவோ சத்தமில்லாம பண்ணிட்டு இருக்கு.

பிப்ரவரியில முறையை மாத்தினேன். 8ஆம் தேதியும் 17ஆம் தேதியும் மட்டும் வாங்கறது, ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு பாக்கெட்டுக்கு மேல கிடையாது. ஞாயித்துக்கிழமை தொடக்கூடாது. முக்கியமா, அன்னிக்கு நான் அடுப்புப் பக்கம் போக மாட்டேன். இதை என் வீட்டுக்காரர்கிட்ட முதல்லயே பேசிட்டேன். களைச்சு வந்த அதே ஆள்தான் கல்லைப் போடணும்னா, அந்த 233 ரூபாய் என் சம்பளமில்லாத ஓவர்டைம். அவருக்குச் சமையல் சுமார்தான், ஆனா பாக்கெட் பின்னாடி படிச்சுப் பண்ண வருது. முதல் நாள் பரோட்டா ஒரு பக்கம் கருகிடுச்சு, சாப்பிட்டோம்.

அந்த மாசம் 18க்கு பதிலா 6 ஆர்டர். குறைஞ்ச 12ல ஒன்பது பாக்கெட், மூணு நாள் ரவா உப்புமா. பன்னெண்டு ஆர்டர் 5,964 ரூபாய். ஒன்பது பாக்கெட்டுக்கு 2,610 கழிச்சா 3,354. உப்புமாவுக்கு ஒரு நூறு போனாலும் 3,200க்கு மேல நிக்குது. அந்த ஆறு ஆர்டரை நான் நிறுத்தல. ரெண்டு எங்க கல்யாண நாளுக்கும் பொண்ணு பிறந்தநாளுக்கும்.

லேபிளையும் ஒரு தடவை பாருங்க. பரோட்டான்னா மைதாதான், பாமாயிலும் இருக்கலாம். கிரேவி பேஸ்ட்ல சோடியம் எவ்வளவுன்னு போட்டிருப்பாங்க. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பிபி இருக்கற எங்க அத்தைக்கு அன்னிக்கு தயிர் சாதம்தான்.

இப்போ 21ஆம் தேதி 3,000 ரூபாய் ஒரு ஆர்டிக்குப் போகுது, ஜூன் டெர்ம் ஃபீஸுக்கு. உங்க ஆப்லயும் ஆர்டர் ஹிஸ்டரியைத் திறந்து, தொகையைப் பார்க்கறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க. எந்தக் கிழமை, எந்த வாரம்னு கமெண்ட்ல எழுதுங்க. ஐடி ஆளுங்களுக்கு அது ரிலீஸ் தேதியா இருக்கும்னு ஒரு சந்தேகம் எனக்கு.