ஆடியில்லாக் காமிரா: வாங்கும் முன் ஒரு கணக்கு

மாலை நேரம். பள்ளி ஆண்டு விழா நடந்துகொண்டிருக்கிறது. மேடையில் உங்கள் தங்கை நடனமாடுகிறாள். அப்பா சேமிப்பிலிருந்து எடுத்து வாங்கித் தந்த புதிய காமிராவால் படம் எடுக்கிறீர்கள். வீட்டிற்கு வந்து பார்த்தால் மேடையும் திரைச்சீலையும் தெளிவாக இருக்கின்றன. தங்கையின் கைகள் மட்டும் புகைபோல இழுபட்டுக் கிடக்கின்றன. பக்கத்தில் நின்ற நண்பன் கைபேசியில் எடுத்த படமும் ஏறக்குறைய இப்படித்தான். அப்படியானால் பல ஆயிரம் ரூபாய் வீணா? காமிரா பழுதா?

இரண்டும் இல்லை. எட்டாம் வகுப்புக் கணக்கே இதற்கு விடை சொல்லும். வாருங்கள், போட்டுப் பார்ப்போம்.

ஆடி எங்கே போயிற்று?

பழைய எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்சுக்குப் பின்னால் 45 பாகைச் சாய்வில் ஒரு சமதள ஆடி இருக்கும். அது ஒளியை மேலே திருப்பி, ஒரு கண்ணாடிப் பட்டகத்தின் வழியாக நம் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே எழும்; ஒளி பிலிமில் விழும். அந்த நொடியில் நமக்கு எதுவும் தெரியாது.

மிரர்லெஸ் எனப்படும் காமிராவில் இந்த ஆடி கிடையாது. ஒளி நேராக மின்னணு ஒளி உணரியில் விழுகிறது. உணரி காண்பதை ஒரு சிறு திரை நமக்குக் காட்டுகிறது. இவ்வகையில் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறையின் முதல் காமிரா, பானசோனிக் நிறுவனத்தின் லூமிக்ஸ் ஜி1, 2008-இல் வெளிவந்தது.

புதிதாகக் கற்பவருக்கு இதில் பெரிய நன்மை உண்டு. துளையைச் சுருக்கினாலும், ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும், படம் எவ்வளவு இருளும் என்பதை எடுப்பதற்கு முன்பே திரையில் காணலாம். தவறு உடனே கண்ணுக்குத் தெரிந்தால் பாடம் விரைவில் மனத்தில் பதியும் அல்லவா?

எண்ணைக் கண்டு மயங்காதீர்

எடுத்துக்காட்டாக, 2023-இல் கேனன் நிறுவனம் தொடக்கநிலையினருக்காக வெளியிட்ட ஈ.ஓ.எஸ். ஆர்100 காமிராவை எடுத்துக்கொள்வோம். பாட்டரியும் அட்டையும் சேர்ந்து எடை 356 கிராம். அதன் படத்தில் சுமார் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள். அதாவது 24 மெகாபிக்சல். விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது இந்த எண்தான்.

ஆனால் ஏ4 தாள் நிறைய ஒரு படத்தை, அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் நேர்த்தியாக அச்சிட எத்தனை புள்ளிகள் வேண்டும்? ஏறத்தாழ 87 இலட்சமே போதும். மீதி நமக்கு உபரி. 1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய மின்னணுக் காமிராவில் வெறும் 10,000 புள்ளிகளே இருந்தன. அன்று புள்ளிப் பஞ்சம். இன்று அது தீர்ந்துவிட்டது. இன்னும் தீராதது ஒளிப் பஞ்சமே.

துளையின் கணக்கு

மழையில் வைத்த பாத்திரத்தில் சேரும் நீரின் அளவு அதன் வாயின் பரப்பைப் பொறுத்தது. காமிராவுக்குள் புகும் ஒளியும் அவ்வாறே. அந்த வாயின் விட்டத்தைக் காண ஓர் எளிய வாய்பாடு உண்டு:

விட்டம் = குவியத் தூரம் ÷ எஃப்-எண்

இந்தக் காமிராவுடன் தரப்படும் லென்சின் குவியத் தூரத்தை 18 முதல் 45 மி.மீ. வரை மாற்றலாம். 18 மி.மீ.-இல் எஃப்-எண் 4.5. ஆகவே விட்டம் 4 மி.மீ. கைபேசி ஒன்றின் குவியத் தூரம் 4.25 மி.மீ., எஃப்-எண் 1.8 என்று கொள்வோம். விட்டம் சுமார் 2.4 மி.மீ. இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலமுள்ள காட்சியைக் காண்பவை.

பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். எனவே காமிரா பெறும் ஒளி கைபேசியைவிடச் சுமார் மூன்று மடங்குதான். ஒளி உணரியின் பரப்போ கைபேசியினுடையதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இருக்கக்கூடும்! பெரிய தொட்டி, ஆனால் சிறிய வாய். போதாக்குறைக்கு, அசையாத காட்சியானால் கைபேசி அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, இந்த வேறுபாட்டையும் குறைத்துவிடுகிறது.

நடனம் ஏன் மங்கிற்று?

அதே லென்சை 45 மி.மீ.-க்கு நீட்டினால் எஃப்-எண் 6.3 ஆகிவிடும். மேடை விளக்கில் ஷட்டர் 1/20 நொடி திறந்திருக்க நேர்ந்தது என்று கொள்வோம். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசும் கை அதற்குள் 10 செ.மீ. நகர்ந்துவிடும். படம் இழுபடாமல் என்ன செய்யும்?

"இதில் அதிர்வு தடுக்கும் வசதி இருக்கிறதே" என்று கடைக்காரர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தை ஈடுசெய்யுமே தவிர, தங்கையின் கையைப் பிடித்து நிறுத்தாது. திரைச்சீலை மட்டும் தெளிவாக விழுந்ததன் காரணம் இப்போது புரிகிறதா?

இனி லென்சைக் கழற்றிவிட்டு, குவியத் தூரம் 50 மி.மீ., எஃப்-எண் 1.8 உள்ள லென்சை மாட்டுவோம். 6.3-ஐ 1.8-ஆல் வகுத்தால் 3.5, அதன் இருமடி ஏறத்தாழ 12. பன்னிரண்டு மடங்கு ஒளி! 1/20 நொடி 1/240 நொடியாகக் குறையும். கை நகர்வது 1 செ.மீ.-க்கும் குறைவு. காமிரா அதேதான். மாறியது வாய்.

வாங்கலாமா?

கையாள எளியது, எடை குறைவு, லென்சை மாற்றலாம், எல்லாவற்றையும் நம் விருப்பப்படி அமைக்கலாம்: இவை ஆர்100-இன் நிறைகள். பின்புறத் திரை தொடுதிரை அன்று, திருப்பவும் முடியாது. உடன் வரும் லென்சின் துளை சிறியது. இவை குறைகள்.

பகல் வெளிச்சத்தில் குடும்பப் படம் எடுப்பதுதான் நோக்கம் என்றால் வீட்டிலுள்ள கைபேசியே போதும், பணத்தைச் சேமியுங்கள். ஒளிப்படக் கலையைக் கற்க வேண்டும் என்றால் இத்தகைய காமிரா நல்ல ஆசிரியர். ஆனால் உடலுக்கே எல்லாப் பணத்தையும் கொடுத்துவிடாமல், அகன்ற துளையுள்ள ஒரு லென்சுக்கும் பங்கு ஒதுக்குங்கள்.

கடைக்குப் போனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். சுழலும் மின்விசிறியை 1/30 நொடியிலும் 1/1000 நொடியிலும் படமெடுங்கள். முதற்படத்தில் இறக்கைகள் கலங்கித் தெரியும். இரண்டாவதில் அவை நிற்கும். ஆனால் படம் இருண்டுபோகும். அந்த இருளைப் போக்க எந்த லென்சு உதவும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் விடை சொல்வதற்குள் நீங்களே கணக்கைப் போட்டுவிடலாம்.