மூன்று கண் பெட்டி

அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு துணிப்பையோடு வந்தான். பைக்குள் அவனுடைய தாத்தாவின் யாஷிகா-மேட் 124ஜி, கூடவே கழுவி வந்த ஒரு ரோல் நெகட்டிவ். "கேமரா போச்சு மாமா. பன்னிரண்டில் ஏழு படம் விழவே இல்லை" என்றான். முதலில் டீயைக் குடி என்றேன். இந்த மாடல் 1970-இல் வெளிவந்தது. இத்தனை வருஷம் காத்திருந்த பெட்டி ஒரு டீ ஆறும் நேரம் காத்திருக்காதா?

நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். நான் முதலில் பார்த்தது படத்தை அல்ல, ஓரத்தை. அங்கே எண்ணும் கம்பெனிப் பெயரும் இருக்கும். அவை ஃபிலிம் ஆலையிலேயே ஒளியால் பதிக்கப்படுபவை. கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஓர எழுத்தும் வெளிறியிருந்தால் கழுவியதில் கோளாறு: மருந்து பழசாக இருக்கலாம், நேரம் குறைந்திருக்கலாம். எழுத்து கன்னங்கரேல் என்று இருந்து படம் மட்டும் மெலிந்து கிடந்தால், ஃபிலிமுக்கு வெளிச்சம் போய்ச் சேரவில்லை. இவன் ரோலில் எழுத்து அச்சடித்தாற்போல் இருந்தது. ஆக, கழுவியவர் தப்பித்தார்.

"படம் எடுக்கும்போது மீட்டர் முள்ளைப் பொருத்தித்தானே எடுத்தாய்?"

"ஒவ்வொன்றுக்கும் பொருத்தினேன் மாமா."

பொய் சொல்கிற பையன் இல்லை. அப்படியென்றால் முள் பொய் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தப் பெட்டிக்கு மூன்று கண். மேல் லென்ஸ், நாம் குனிந்து பார்ப்பதற்கு. கீழ் லென்ஸ், 80 மி.மீ., எஃப்/3.5, ஃபிலிம் பார்ப்பதற்கு. இரண்டுக்கும் மேலே, முன்பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அது வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் கண். ஒரு கண்ணில் நடப்பது அடுத்த கண்ணுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத மூன்று பங்காளிகள் என்று வைத்துக்கொள். நடுவில் தூது போக வேண்டியது நீதான்.

முதலில் பேட்டரி மூடியைத் திருகினேன். உள்ளே புத்தம்புதிய அல்கலைன் பேட்டரி. அளவு சரி, வோல்டேஜ்தான் தப்பு. இந்த மீட்டர் பிஎக்ஸ்625 என்ற பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அது தரும் 1.35 வோல்ட் கடைசிவரை ஏறாது, இறங்காது. தீரும்போது ஒரேயடியாகத் தீர்ந்துவிடும். அல்கலைன் 1.5-இல் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வரும். புதிதாகப் போட்டதும் முள் தாராளமாக ஏறும். வெளிச்சம் நிறைய இருக்கிறதென்று நம்பி நாம் அப்பர்ச்சரை மூடுவோம். படம் அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ அண்டர் ஆகிவிடும். தினமும் ஒரே அளவு பொய் சொன்னாலாவது கழித்துக்கொள்ளலாம். இது நாளுக்கொரு பொய்.

பாதரச பேட்டரி இன்று கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் 2013 உலக ஒப்பந்தத்துக்கு ஜப்பானின் மினமாட்டா என்ற ஊரின் பெயரைத்தான் வைத்தார்கள். ஆலைக் கழிவுப் பாதரசம் கடலில் கலந்து, மீன் தின்ற மக்களை முடக்கிய ஊர் அது. 1971 முதல் அங்கேயே தங்கி அந்த மக்களைப் படமெடுத்தார் யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கர். இவனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேட்டரி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாற்று வழி நம் வீட்டிலேயே இருந்தது. என் அம்மாவின் காதுக் கருவிக்குப் போடும் 675 அளவு பேட்டரி. நீலத் தாள் ஒட்டியிருக்கும். துத்தநாகமும் காற்றும் சேர்ந்து வேலை செய்வதால் வோல்டேஜ் 1.4-ஐ ஒட்டியே நிற்கும். பழைய மீட்டருக்கு அது போதும். தாளை உரித்து, காற்று உள்ளே போக ஓரிரு நிமிஷம் விட்டுப் போட வேண்டும். குறுக்களவு 625-ஐவிடச் சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வேண்டும். குழாய்க்குப் போடும் வளையத்தை வைத்து அழுத்தினேன். ஒரு குறை, தாளை உரித்துவிட்டால் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் சில வாரங்களிலோ இரண்டு மூன்று மாதத்திலோ தீர்ந்துவிடும். விலை குறைவு என்பதால் நான் கவலைப்படுவதில்லை.

ஆனால் பேட்டரி மட்டும் ஏழு படங்களைத் தின்றிருக்காது. "லென்ஸில் ஏதாவது மாட்டினாயா?" என்றேன். பையிலிருந்து ஆரஞ்சு ஃபில்டர் வந்தது. வானம் கறுப்பாக விழ வேண்டும் என்று ஆசைப்பட்டு ஏழு படத்துக்கு மாட்டியிருக்கிறான். அங்கேதான் பங்காளித் தகராறு. இன்றைய கேமராக்களில் மீட்டர் லென்ஸ் வழியாகவே பார்க்கும். ஃபில்டர் வெளிச்சத்தைத் தின்றால் அதுவே தெரிந்துகொள்ளும். யாஷிகாவில் ஃபில்டர் கீழ்க் கண்ணில், மீட்டர் மேலே தனியே. ஆரஞ்சு ஃபில்டர் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும். மஞ்சள் என்றால் ஒன்று, சிவப்பு என்றால் மூன்று. பேட்டரியின் பொய்யும் சேர்ந்தால் மூன்று ஸ்டாப். எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் ஃபிலிமுக்குப் போயிருக்கிறது. நிழலில் எடுத்தது எதுவும் விழாததில் ஆச்சரியம் என்ன?

வைத்தியம் எளிது. ஃபிலிம் 400 ஏஎஸ்ஏ, ஃபில்டர் நான்கு மடங்கு என்றால் ஏஎஸ்ஏ டயலை 100-இல் வை. முள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஃபில்டரைக் கழற்றியதும் டயலைத் திரும்ப 400-க்குக் கொண்டுவர வேண்டும். நான் எத்தனையோ முறை மறந்து ஓவர் ஆக்கியிருக்கிறேன்.

"போலரைசர்?" என்று கேட்டான். கெட்டிக்காரன். திருப்பத் திருப்பத்தான் அது வேலை செய்யும், ஆனால் கீழ்க் கண்ணில் மாட்டினால் மாற்றம் நமக்குத் தெரியாது. அதனால் முதலில் மேல் லென்ஸில் மாட்டித் திருப்பு. தண்ணீரின் பளபளப்பு அடங்கும் இடத்தில் விளிம்பில் எந்தக் குறி உச்சியில் நிற்கிறது என்று பார்த்துக்கொள். பிறகு கழற்றி, அதே குறி உச்சியில் நிற்கக் கீழே மாட்டு. அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை.

க்ளோஸ்அப் லென்ஸ் இதற்கு நேர் எதிர். ஜோடியாக வரும். இந்தக் கேமரா ஒரு மீட்டருக்கும் கிட்டே ஃபோகஸ் ஆகாது, அதற்காகத்தான் இது. மேலே மாட்டுவது ஆப்பு மாதிரி ஒருபக்கம் தடித்திருக்கும். இரண்டு லென்ஸுக்கும் இடையிலுள்ள உயர வித்தியாசத்தை அந்தச் சரிவுதான் ஈடுகட்டுகிறது. அதிலுள்ள புள்ளி உச்சியில் நிற்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாட்டினால் தலை வெட்டுப்பட்ட படம்தான் வரும். வெளிச்சக் கணக்கு மட்டும் மாறாது, டயலைத் தொட வேண்டாம்.

ஹூட் விஷயம் சின்னது. இந்த மாடலுக்கு பே-1 அளவுதான் பொருந்தும். ஃபில்டருக்கு மேல் ஃபில்டர், அதன்மேல் ஹூட் என்று கோபுரம் கட்டினால் படத்தின் மூலை இருட்டும்; மேல் கண்ணுக்கு அதுவும் தெரியாது.

கடைசியாக ஷட்டர். ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தைப் பார்த்து ஒவ்வொரு வேகமாகத் தட்டினோம். செல்போனில் விநாடிக்கு 240 சட்டம் என்று ஸ்லோமோஷன் எடுத்தான். 1/30-க்கு எட்டுச் சட்டம் திறந்திருக்க வேண்டும், எட்டே வந்தது. 1/2 விநாடிக்கு 120 வருவதற்குப் பதில் இருநூற்றுச் சொச்சம். பழைய எண்ணெய் பல்சக்கரத்தில் பசையாகிவிட்டது. எண்ணெய் விடுகிறேன் என்று கிளம்பினான். கையைப் பிடித்து நிறுத்தினேன். விட்ட எண்ணெய் ஷட்டர் தகடுகளில் ஏறினால் அவை ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். தெரிந்த மெக்கானிக் கிடைக்கும்வரை மெதுவான வேகங்களைத் தொடாதே என்றேன்.

மொட்டைமாடிக்குப் போனோம். மேகமில்லாத பதினொரு மணி வெயில். பழைய கணக்கு ஒன்று உண்டு: நல்ல வெயிலில் எஃப்/16 வைத்தால், ஃபிலிமின் ஏஎஸ்ஏ எண்ணே ஷட்டர் வேகம். 400-க்குப் பக்கத்தில் இருப்பது 1/500. அந்த இரண்டையும் வைத்து, டயலை 400-இல் நிறுத்தி, வெயில் விழுந்த சிமெண்டுத் தரையைக் காட்டினான். இரண்டு முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று வந்து நின்றன. "மாமா!" என்று கத்தினான்.

இறங்கி வந்து பெட்டியை மேஜையில் அப்படியே வைத்தான். "மேல்மூடியை மூடுடா, திறந்திருக்கும்வரை மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்" என்றேன். உள்ளறையில் அம்மா மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். நீலத் தாள் அட்டையில் ஒன்று குறைந்திருந்தது.