உங்களுக்குத் தெரியுமா? மூவார் வீட்டறையிலும் பாட்டு பிறக்கும்!

மூவாரில் கேட்கும் ஜொகூர் மலாய் கஸலில் காம்புஸ் என்ற தந்தி வாத்தியத்தோடு சேர்ந்து ஒலிப்பவை நம் ஆர்மோனியமும் தபேலாவும்! புது மெட்டு தேடும் இளையோருக்கு இதைவிட நல்ல ஊற்று வேறில்லை. அந்த மெட்டை வீட்டிலேயே பதியலாம்; ஏ.ஆர்.ரஹ்மானின் 'ரோஜா' (1992) பாடல்களே கோடம்பாக்கத்தில் வீட்டோடு அமைந்த பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானவைதான்.

கணினியில் பதிய, 2000-இல் வெளிவந்த ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள் போதும். சிடி தரத்தில் பதிந்தால், குரலை நொடிக்கு 44,100 தடவை அளந்து சேமிக்கும். தபேலாவில் ஓர் ஆவர்த்தனம் வாசித்துப் பதிந்து, அதையே சுழலவிட்டு, மேலே பாடிப் பாருங்கள். காற்றாடியை முதலில் நிறுத்துங்கள்; மைக் அந்த இரைச்சலை விடவே விடாது. அறை எதிரொலிக்கிறதா? துணி அலமாரியைத் திறந்துவைத்து அதன் பக்கம் திரும்பிப் பாடுங்கள். தொங்கும் சட்டைகளும் புடவைகளும் எதிரொலியைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும்.