நூற்றுக்கு எத்தனை? எதில் நூற்றுக்கு?

சம்பளம் கூடினால் பெரட்டுக் களத்திலும் பீலிக்கரையிலும் அதே பேச்சுத்தான். "நூத்துக்கு நாப்பது கூடிருச்சாம்" என்பார் ஒருவர். "கையில ஒண்ணும் கூடலியே" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அது எப்படி என்று இம்முறை கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நூற்றுவீதம் என்பது பெரிய வித்தையல்ல. ஒரு தொகையை நூறு பங்காக்கி, அதில் எத்தனை பங்கு என்று சொல்வதுதான். 700 ரூபாவில் ஒரு பங்கு 7 ரூபா. ஆகவே நூற்றுக்கு 8 என்றால் 56 ரூபா.

கூடியதைக் கணக்கிடுவது எப்படி?

புதிய தொகையில் பழையதைக் கழியுங்கள். மிச்சத்தை 100ஆல் பெருக்கி, பழைய தொகையால் வகுங்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2024 செப்டம்பரில் அது 1,350 ஆனது. கூடியது 350 ரூபா, நூற்றுக்கு 35.

இனி 2019ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். 2016 கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் 500, வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. எல்லாம் கிடைத்தவருக்கு நாளுக்கு 730 ரூபா. 2019 ஒப்பந்தத்தில் அடிப்படை 700, விலைப் பங்கு 50, மொத்தம் 750. வரவுக் காசும் உற்பத்திக் காசும் எடுபட்டுப் போயின.

அடிப்படைச் சம்பளம் 500இலிருந்து 700 ஆனது நூற்றுக்கு 40 உயர்வு. ஆனால் 730 வாங்கியவருக்குக் கூடியது 20 ரூபாதான். நூற்றுக்கு மூன்று கூட இல்லை. அடிப்படையில் பிடிக்கும் சேமலாப நிதியும் 40 ரூபாவிலிருந்து 56 ஆனது. அதைக் கழித்தால் 690 வாங்கிய கையில் 694. நாலே ரூபா!

அதற்காக உயர்வு பொய் என்று சொல்லிவிட முடியாது. வரவுக் காசும் உற்பத்திக் காசும் கிடைக்காமல் 530 மட்டும் வாங்கியவருக்கு நூற்றுக்கு 41 கூடியது. எல்லாருடைய சேமலாப நிதியும் வளர்ந்தது. ஆகவே யாராவது நூற்றுக்கு இத்தனை என்றால், "எதில் நூற்றுக்கு? அடிப்படையிலா, மொத்தத்திலா?" என்று கேளுங்கள்.

சம்பளத் துண்டில் பார்க்க வேண்டியது

ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் பிடிப்பது நூற்றுக்கு 8. நிர்வாகம் தன் பங்காகப் போட வேண்டியது 12. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு உரிய 3ஐயும் நிர்வாகமே கட்ட வேண்டும். அதை நம் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. 1,350 ரூபாப்படி 20 நாள் பேர் விழுந்தால் 27,000 ரூபா. ஒரு பங்கு 270. எனவே நம் பங்கு 2,160, நிர்வாகப் பங்கு 3,240, நம்பிக்கை நிதிக்கு 810. இன்றைய உங்கள் சம்பளத்தை வைத்து இதே மாதிரிப் போட்டுப் பாருங்கள்.

நிறுவையிலும் கடையிலும்

ஈரம், பை என்று ஒரு நிறுவைக்கு 2 கிலோ கழித்தால், 25 கிலோ கொழுந்து எடுத்தவருக்கு நூற்றுக்கு 8 போகிறது. 10 கிலோ எடுத்தவருக்கு நூற்றுக்கு 20 போகிறது. கழிவு ஒன்றுதான், அடி ஒன்றல்ல. கொழுந்து குறைந்த காலத்தில்தான் இது அதிகம் வலிக்கும்.

கடையில் 200 ரூபாச் சாமான் 300 ஆனால் ஏற்றம் நூற்றுக்கு 50. அது திரும்ப 200 ஆனால் இறக்கம் நூற்றுக்கு 33தான். இறங்கும்போது பழைய தொகை 300 என்பதே காரணம். ஆகவே ஏற்றத்தையும் இறக்கத்தையும் வீதத்தில் மட்டும் பார்க்காமல் ரூபாவிலும் பாருங்கள்.

சம்பள நாளன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்து, துண்டை விரித்துக் கணக்குப் பாருங்கள். பிள்ளைக்குப் பாடம், நமக்குக் காவல். கணக்குப் பிசகினால் முதலில் தோட்டக் காரியாலயத்தில் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் துண்டுகளோடு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள். துண்டுகளை எறியாமல் சேர்த்து வையுங்கள்.