தகவல் துளி: அட்டையில் பிறக்கும் நாவல்

நாவல் எழுத உட்காருகிறவர் முதல் அத்தியாயத்திலிருந்துதான் தொடங்க வேண்டுமா? தேவையே இல்லை. ரஷ்யாவில் பிறந்த எழுத்தாளர் விளாதிமிர் நபக்கோவ் தம் நாவல்கள் பலவற்றைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதினார். எந்தக் காட்சி மனத்தில் தெளிவாக இருக்கிறதோ அதை முதலில் எழுதுவார். அட்டைகளைப் பிறகு வரிசைப்படுத்துவார். அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற கடைசி நாவல் 138 அட்டைகளாகவே இருந்தது.

இதே வழியைக் கணினித் திரையில் தருகிறது ஸ்கிரிவனர் என்ற மென்பொருள். நாவல் எழுத ஆசைப்பட்ட இங்கிலாந்துக்காரர் கீத் பிளௌண்ட், தமக்கு ஏற்ற கருவி கிடைக்காததால், நிரல் எழுதக் கற்றுக்கொண்டு தாமே இதை உருவாக்கினார். 2007ஆம் ஆண்டு அது வெளியானது. திரையில் ஒரு தக்கைப் பலகை; அதில் காட்சிக்கு ஓர் அட்டை. 12ஆம் அட்டையை இழுத்து 3ஆம் இடத்தில் வைத்தால், அந்தக் காட்சியின் பக்கங்கள் முழுவதும் கூடவே இடம் மாறிவிடும்.

மென்பொருள் இல்லையே என்று தயங்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தை வெட்டினாலே அட்டை தயார். உங்கள் மனத்தில் நிற்கும் ஒரு காட்சியை இன்றே அதில் எழுதி வையுங்கள்!