செல்லும் காசு... செல்லாத கதை!

'தம்பி, நோட்டா இருந்தா குடுப்பா... காயின் இங்க ஓடாது!'

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் காலேஜ் படிச்ச யாரும் இந்த டயலாக்கைக் கேட்காம டிகிரி வாங்கியிருக்க முடியாது. மினி பஸ், டீக்கடை, ஜெராக்ஸ் கடை... எங்கே பத்து ரூபாய் காயினை நீட்டினாலும் அதே பதில்தான். இத்தனைக்கும் சென்னையில அதே காயின் ஜம்முனு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

ஊருக்கு ஊர் காசு மாறுறது டெல்டாவுக்குப் புதுசு இல்லை. 17-ம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் ஈயத்திலேயே காசு அடித்தார்கள். நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் தனியாக அடித்தார்கள். ஆனா இப்போ நமக்கு இருக்கிறது ஒரே கவர்ன்மென்ட்டுங்க!

2016-ல் பணமதிப்பு நீக்க சமயத்தில் கிளம்பின வதந்தி இது. 'ரூபாய் சின்னம் இல்லாதது டுபாக்கூர்', 'கோடு குறைஞ்சா செல்லாது'னு ஆளாளுக்கு ஒரு ரூல் போட்டாங்க. அந்த நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி மறுத்தது. 2018 ஜனவரியில் மறுபடியும் சொன்னது: 14 டிசைன்கள், 14-ம் செல்லும். ரூபாய் சின்னமே 2010-ல்தான் வந்தது; அதுக்கு முன்னாடி அடிச்ச காயின்ல அது எப்படி இருக்கும்? யாரும் இதை யோசிக்கலை.

சரி, காயினோ நோட்டோ, எதுவா இருந்தா என்னங்கறீங்களா? அங்கதான் இருக்கு மேட்டர்.

ஆர்.டி.ஐ. மூலம் 2018-ல் வெளியான கணக்குப்படி ஒரு ரூபாய் காயின் அடிக்க ரூ.1.11 செலவு. அடிக்கும்போதே பதினோரு பைசா நஷ்டம்! இரண்டு ரூபாய்க்கு ரூ.1.28, ஐந்து ரூபாய்க்கு ரூ.3.69, பத்து ரூபாய்க்கு ரூ.5.54. நோட்டு? 2021-22 கணக்கில் ஆயிரம் பத்து ரூபாய் நோட்டு அச்சடிக்க 960 ரூபாய். அதாவது ஒரு நோட்டு 96 பைசா. 50 ரூபாய் நோட்டுக்கு ஒரே வருஷத்தில் ஆயிரத்துக்கு 920-லிருந்து 1,130 ரூபாயாக எகிறியது. மொத்தமாகப் பார்த்தால், நோட்டு அச்சடிக்க ரிசர்வ் வங்கி 2023-24-ல் 5,101 கோடி செலவு செய்தது. 2024-25-ல் அதுவே 6,372 கோடி. அம்மாடி!

96 பைசா எங்கே, ஐந்தரை ரூபாய் எங்கே... நோட்டுதானே சீப்? இல்லை பாஸ். நடவு நட்டுட்டு வர்ற அக்கா இடுப்பில் செருகுற சுருக்குப் பையில, மீன் மார்க்கெட் ஈரக் கையில, கண்டக்டரோட விரலிடுக்குல அந்தப் பத்து ரூபாய் நோட்டு எத்தனை நாள் தாங்கும்? பருத்தியில செஞ்சாலும் பேப்பர் பேப்பர்தான். காயின் பல வருஷம் உழைக்கும். ஒரு காயின் செலவில் ஏறக்குறைய ஆறு நோட்டு அடிக்கலாம். அந்த ஆறு நோட்டும் கிழியுற வரைக்கும் காயின் சுத்தினாலே செலவு சமம். அதுக்கு மேல ஓடுறதெல்லாம் லாபம்.

ஆனா அது ஓடணும்! 'செல்லாது'ங்கற ஒரு வார்த்தையில அது ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள்ள போய் படுத்துடுச்சு. ஐந்தரை ரூபாய் போட்டு அடிச்ச காயின் தூங்க, அதோட வேலையைப் பார்க்க அழுக்கு நோட்டை மாத்தி மாத்தி அடிக்கணும். டபுள் செலவு. வதந்திக்கு நாம கட்டுற வரின்னு வெச்சுக்கங்க.

2022-ல் தருமபுரி மாவட்டம் அரூரைச் சேர்ந்த இளைஞர் ஒருத்தர் கடுப்பாகி, பத்து ரூபாய் காயின்களாகவே ஆறு லட்சம் சேர்த்துக் கொடுத்து கார் வாங்கினார். செம கெத்து! (2011-ம் வருஷ நாணயச் சட்டப்படி, ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரைக்கும்தான் காயினா வாங்கிக்கணும்னு கட்டாயம். ஷோரூம்காரர் நல்ல மனுஷன்.)

அமெரிக்காவிலும் இதே தலைவலிதான். ஒரு சென்ட் காசு அடிக்க 3.69 சென்ட் ஆகுதுன்னு 2025 நவம்பரில் புழக்கத்துக்கான பென்னி அடிக்கிறதையே நிறுத்திட்டாங்க. நம்ம அஞ்சு ரூபாய் காயினோட அதே 3.69!

நம்ம ஊர்ப் பெருமையையும் சொல்லிடணும். 1954-ல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருந்தது தஞ்சைப் பெரிய கோயில். 1978-ல் அது செல்லாமல் போச்சு. அதே கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010-ம் வருஷம் பொறிச்ச அஞ்சு ரூபாய் காயின் வந்தது. அது இன்னமும் செல்லும். வீட்டு உண்டியலைக் கவிழ்த்துத் தேடிப் பாருங்க. கிடைச்சா அதை மட்டும் பத்திரமா வெச்சுக்கங்க. மிச்சத்தை நாளைக்கே டீக்கடைக்கு எடுத்துட்டுப் போங்க.